ரேடியோவுக்கு ஒரு வெள்ளோட்டம்

சைக்கிளில் கன்னியாகுமரிவரை போகும்போது கேட்க, கையடக்க ரேடியோ வாங்கச் சங்கரன்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எந்த ரேடியோவையும் கண்ணை மூடிக் காதில் வைத்துக் கேட்காமல் விலை சொல்ல மாட்டார். சிவப்பாக ஒன்றை எடுத்துக் காட்டி, சைக்கிளில் கட்டிக் கேட்கத்தான் என்றேன்.

"குலுங்குனாலும் பாடுமான்னு பாக்கணும்லா? சைக்கிளக் கொடும் வே. கடையப் பாத்துக்கிடும்" என்றவர், ரேடியோவை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் போயே விட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். அதற்குள் நான் இரண்டு டார்ச் லைட் விற்றிருந்தேன்.

"ரேடியோ எப்படி அண்ணாச்சி?"

"அத ஆன் பண்ண மறந்துட்டேன் வே. வண்டி என்னமா போவுது!"

அந்த ரேடியோவையே வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாத என்னை நம்பிக் கடையை எப்படி விட்டுப்போனார் என்பதுதான் இன்றும் புரியவில்லை.