அடுத்த வரியையும் படிக்கட்டுங்களா?

ஆறு வருடங்களுக்கு முன்பு, திருச்செங்கோட்டில் நான் முதுநிலை உளவியல் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் கழித்துப் படிக்கப் போனவள் என்பதால், வகுப்பில் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது.

ஆய்வேட்டுக்கு ஓவிய சிகிச்சையை எடுத்துக்கொண்டேன். பேச்சு வராத குழந்தைகள் படிக்கும் ஒரு சிறப்புப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் படம் வரைய வைப்பேன். அங்கே ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அவள் அம்மா விசைத்தறி ஓட்டுகிறவர். படம் வரைந்தால் பாப்பாவுக்குப் பேச்சு வந்துவிடுமா என்று ஒருநாள் கேட்டார்.

"வந்துருமுங்க. புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க" என்று அடித்துச் சொன்னேன். அதுவரை நான் ஒரு புத்தகத்தையும் திறந்திருக்கவில்லை. அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை மட்டும் பார்த்தேன்.

பிறகுதான் ஆதாரம் தேடினேன். செல்போனில் கிடைத்த இருபது இணைப்புகளை எழுதிக்கொண்டு போய் என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஒன்றைத் திறந்து காட்டி, இது கலர் பென்சில் விற்கிற கடையம்மா என்றார். எனக்கு மானமே போய்விட்டது. சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் இதற்கென்றே நல்ல புத்தகம் இருக்கிறது, போய்ப் படி என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. காலை பஸ், டப்பாவில் புளிச்சோறு, கடகடவென்று சுற்றும் மின்விசிறி. நூலக உதவியாளராக இருந்த அக்கா, காற்று நன்றாக வரும் மேசையை எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். புத்தகத்தை வெளியே தர மாட்டார்கள், படமும் எடுக்கக் கூடாது. கை வலிக்க வலிக்க எழுதுவேன். கடைசிச் சனிக்கிழமைதான் எனக்கு வேண்டிய வரி கிடைத்தது. தொடர்ந்து படம் வரைந்த குழந்தைகளிடம் புதிய சொற்கள் வந்தன என்று அதில் இருந்தது. குதிக்காத குறைதான். எழுதிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் ஆய்வேட்டைப் பைண்டிங் கொடுக்க வேண்டும் என்றிருந்த வியாழக்கிழமை, அந்த வரிக்குப் பக்க எண் இல்லையே என்று பேராசிரியை கேட்டார். பதறிப்போய்ச் சேலத்து அக்காவுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கெஞ்சினேன்.

"போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குதுங்க. படிச்சுச் சொல்லக் கூடாதுன்னு எங்கியும் எழுதலைங்க" என்றார்.

அவர் தமிழ் வழியில் படித்தவர். அந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்து எழுத்தாகத்தான் படித்துச் சொன்னார். பொறுமையாக அரைமணி நேரம் தேடி, என் வரியையும் பக்க எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"இருங்க. இதைய ஒட்டியே இன்னொரு வரி இருக்குதுங்க. அதையும் படிக்கட்டுங்களா?"

போதுமுங்க அக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஏனென்றால் அந்த அடுத்த வரியைக் கடைசிச் சனிக்கிழமையே நான் பார்த்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி நோட்டை மூடியவள் நான்தான். அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். படிங்க என்றேன். ஒவ்வோர் எழுத்தாக வந்து விழுந்தது. சொற்கள் வந்தது சில குழந்தைகளுக்கு மட்டும்தான், அதற்கும் ஓவியம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. இதுதான் அந்த வரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பைண்டிங்குக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பேச்சு வரும் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க என்றேன். தலையில் ஒட்டியிருந்த தறிப் பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பேச்சு வர்றப்ப வரட்டுமுங்க மிஸ். முந்தியெல்லாம் பள்ளிக்கூடம்னாலே அழுகும். இப்ப வெள்ளிக்கிழமையானா பென்சில் டப்பாவ எடுத்துக்கிட்டு எனக்கு முன்னால கெளம்பி நிக்குதுங்க. அது உங்க புஸ்தகத்துல இருக்குதுங்களா?"

இல்லைங்க என்றேன். அன்றே உட்கார்ந்து அந்த வரி வந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். நூலகத்து வரியோடு அடுத்த வரியையும் சேர்த்தேன். அந்த அம்மா சொன்னதைத் தனியாக, அவர் சொன்னபடியே எழுதினேன்.

இப்போது வீட்டில் இருந்தபடியே எந்தக் கட்டுரையையும் படித்துவிடலாம், சேலம் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனாலும் மனதுக்குப் பிடித்த வரி ஒன்று கண்ணில் பட்டதும் அந்த அக்காவின் குரல் எனக்குக் கேட்டுவிடுகிறது. அடுத்த வரியையும் படித்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறேன்.