பீச்சாங்கைச் சோறு

பக்கவாதம் வந்து உங்கள் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சும் குழறியது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா எனக்கும் என் அம்மாவுக்கும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள், நல்ல கையால் அவரே எடுத்துச் சாப்பிடட்டும், ஊட்டிப் பழக்கினால் படுத்த படுக்கையாகிவிடுவார் என்றார்.

நல்ல கை என்றால் இடது கை. எங்களுக்கு அது கால் கழுவுகிற கை.

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் வீடு வந்து சேர்ந்தோம். தாத்தாவின் அக்கா, என் அத்தை, எங்களுக்கு முன்பே வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா இடது கையைச் சோற்றில் வைத்ததும் தட்டையே இழுத்துக்கொண்டாள்.

"பீச்சாங்கையால துன்னா இந்த வூடு உருப்படுமா? ஊட்றதுக்கு நான் இல்ல? செத்தா பூட்டேன்?"

தாடையைப் பிடித்து உருண்டை உருண்டையாகத் திணித்தாள். விழுங்க முடியாமல் அவருக்குப் புரையேறியது, கண்ணில் நீர் கொட்டியது. தம்பி பாசத்தில் அழுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை வேறு பேசினாள்.

அதன்பின் தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டார். கஞ்சிகூட இறங்கவில்லை. நெஞ்செலும்பு தெரிய ஆரம்பித்தது. நர்ஸம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னால், வெள்ளைப் புடவைக்காரி பேச்சைக் கேட்டு மானத்தை விற்கிறாயா என்று அத்தை ஏசினாள். தெருவும் அவள் பக்கம்தான்.

ஒரு மத்தியானம் அம்மா சோற்றைக் குழையப் பிசைந்து தாத்தாவின் இடப்பக்கம் வைத்து, குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். அத்தை தட்டுக்குக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்தாள், விடவில்லை.

"உன் தம்பி பட்டினியில சாவறாரு அண்ணி. கைய எடு. இல்லன்னா பொட்டியத் தூக்கிக்கினு கெளம்பு."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் அவள் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன்.

அவள் தெருவில் நின்று எங்கள் வீட்டின்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். உள்ளே தாத்தா இடது கையால் அள்ளிப் பாதியை மடியில் சிந்தினார். பாதி வாய்க்குள் போயிற்று. காலித் தட்டை அம்மா பக்கம் தள்ளி, இன்னும் போடு என்று விரலால் தட்டினார். வெளியே சாபம் ஓயவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து சோறு போட்டாள்.