நல்லெண்ணெய் நீச்சல்

எட்டு வயதாகியும் எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கஜா பேராங்கில் எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் உஜோங் பாசிர் படகுத்துறைப் பலகையிலிருந்து தொப்புத் தொப்பென்று கடலில் குதிப்பார்கள். நான் கரையில் அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருப்பேன். நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்த சமயம். சட்டைக் காவலிலிருந்து எனக்கும் ஒரு விடுதலை வேண்டும், ஒரே ஒரு தடவையாவது குதித்துவிட வேண்டும் என்று தவித்தேன்.

அம்மாவின் தம்பி லோரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப் போவது அவர்தான். எந்தப் புளுகையும் முகம் மாறாமல் சொல்லுவார். மிதப்பதற்கு என்ன வழி என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

“எண்ணெய் தண்ணியில முங்குமாடா?”

“மிதக்கும் மாமா.”

“அப்புறம் என்ன? உடம்பு பூரா நல்லெண்ணெயத் தடவிக்கிட்டுக் குதி. முங்கணும்னு நெனச்சாலும் முடியாதுலா.”

பக்கத்திலிருந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு நல்ல வழி கிடைத்த சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவின் நல்லெண்ணெய் போத்தலைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோனேன். லோரியின் மறைவில் நின்று, காது மடலைக்கூட விடாமல் பூசினேன். வெறும் கால்சட்டையோடு பளபளவென்று நடந்து போய், எல்லாரையும் பார்க்கச் சொல்லிக் கூவிவிட்டுக் குதித்தேன்.

எண்ணெய் மட்டும் மிதந்தது.

கடல் ஏறியிருந்த நேரம். கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். யாரோ கையைப் பிடித்தார்கள், வழுக்கியது. காலைப் பிடித்தார்கள், அதுவும் வழுக்கியது. நாங்கள் பீபி என்று கூப்பிடும், மலாய் பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் சாரோங்கோடு இறங்கி, “லிச்சின்! லிச்சின்!” என்று அலறினார். வழுக்குகிறது என்பதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் என் கால்சட்டையை எட்டிப் பிடித்தார். கால்சட்டை மட்டும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் மாமாதான் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி இழுத்து வந்து கரையில் போட்டார்.

நான் இருமி மூச்சுவிடும்வரை பிள்ளைகள் பயந்து நின்றார்கள். பிறகு சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால், பொரித்தெடுத்த மீன்போல எண்ணெய் வழிய, பிறந்த மேனியாகக் கிடந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாளிலிருந்து சந்தில் என் பெயரே லிச்சின். கடைக்குப் போக வெட்கம், பள்ளிக்கூடம் போக வெட்கம். எல்லாவற்றையும்விட மாமா முகத்தில் விழிக்கத்தான் வெட்கம். அவர் வந்தால் கொல்லைக்கு ஓடிவிடுவேன். அவரும் என்னைத் தேடவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் வாசலோடு திரும்பிப் போனார். இப்படி ஒரு மடையனுக்கு மாமாவாக இருப்பது அவருக்கே அவமானமாகிவிட்டது என்று நினைத்து அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து, காற்றடித்த லோரி டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து “வாடா” என்றார். வேறு யாரையும் ஏற்றவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, முகத்தை முக்கி மெதுவாக மூச்சை விடச் சொன்னார். அந்தப் பயம் போனபின் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

“காது நனையட்டும். வயித்தத் தூக்கு. மாமா விடமாட்டேன்.”

அன்று நான் மிதந்தேன். ஆனால் முதுகுக்கு அடியில் அவருடைய கைகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தன. தண்ணீர் ஒன்றும் குளிரவில்லை.

வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் முதலில் சொன்னது நான் மிதந்ததை அல்ல. “அம்மா, மாமாவுக்குத் தண்ணின்னா என்னைவிடப் பயம்! கையெல்லாம் நடுங்குது!” என்று கத்தினேன்.

அம்மா சிரிக்கவில்லை. வாசலில் நின்றிருந்த மாமா, “ஆமாடா, பயந்தான்” என்றார்.

இவ்வளவு பெரிய ஆள் இதை வாய்விட்டுச் சொல்கிறாரே என்று, அவருக்காகவும் சேர்த்து நானே வெட்கப்பட்டேன்.