ஊசி அவருக்கு, மயக்கம் எனக்கு

மலேசியாவின் பொந்தியான் ஊரில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே, டாக்டர் நோயாளிக்கு ஊசி போட, நான் மயங்கி விழுந்தேன். மறுவாரம் இன்னொரு முறை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “மூணாவது தடவை விழுந்தீன்னா, எழுந்து அப்படியே வீட்டுக்குப் போயிடு லா.”

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மூளையைப் பற்றி வெறி பிடித்தாற்போல் படித்தேன். அடுத்தவருக்கு வலிப்பதைப் பார்த்தால், நமக்கே வலிக்கும்போது விழிக்கும் சில மூளைப் பகுதிகள் அப்போதும் விழித்துக்கொள்கின்றனவாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான், “அது உன் பல் இல்லை, அடங்கு” என்று அதட்ட வேண்டும். என் மண்டையில் அந்த மேலாளர் நீண்ட விடுப்பில் இருந்தார். உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால் அவர் வேலைக்குத் திரும்புவார் என்றும் படித்தேன். சரி, பார்த்துவிடலாம்!

அன்று வந்தவர் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டும் அண்ணன். கதவளவு தோள். ஏற்கெனவே இரண்டு முறை ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து ஓடிப்போனவர். டாக்டர் ஊசியை எடுத்தார். படித்தபடி பெயர் சொன்னேன், சத்தமாக:

“இது பயம். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

அண்ணன் திறந்த வாயை மூடினார். “உங்களுக்கு ஏன் தங்கச்சி பயம்? டாக்டர் புதுசா?”

“இல்லண்ணே, அவங்க பதினஞ்சு வருஷமா பல்லு புடுங்குறாங்க. நான்தான் புதுசு.”

டாக்டர் என்னை முறைத்தார். அந்த முறைப்பில் என் வேலை போய்க்கொண்டிருந்தது.

“அலமாக், மூஞ்சி வெளுத்துப் போச்சே! கையைக் குடுங்க. நான் இருக்கேன்ல?” என்றார் அண்ணன். டாக்டர் சொன்னதும் வாயைத் திறந்தார். பேச முடியாததால், மூக்கால் மூச்சை இழுத்து விட்டுக் காட்டி, ‘நீயும் விடு’ என்று புருவத்தால் உத்தரவிட்டார். நான் விட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஊசி போட்டாச்சு” என்றார் டாக்டர்.

“எப்போ?” என்றார் அண்ணன்.

என்னைத் தேற்றும் வேலையில் அவருடைய மூளை தன் பயத்தை மறந்திருந்தது. அரை மணி நேரத்தில் கடைவாய்ப் பல் தட்டில் கிடந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “நாளைக்கு வா. உன்னாலதான் அந்த அண்ணன் ஓடாம அரை மணி நேரம் உட்கார்ந்தாரு, அதே பெருசு.”

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: பயம் வந்தால் பெயர் சொல்லுங்கள், கொஞ்சம் தணிகிறது. ஆனால் மனதுக்குள் சொல்லுங்கள். எல்லா நோயாளிகளும் உங்களுக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்கள்.