பூமாயி ஓட்டி வந்த மாடு

அறுபதுகளின் கடைசியில் நேமத்தான்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பதினேழு வீட்டார் சேர்ந்து பால் சங்கம் தொடங்கினோம். காரைக்குடி வியாபாரிக்குப் போன லாபம் ஊரிலேயே தங்கியது. பள்ளி ஆசிரியரான நான்தான் செயலாளர்.

பாலில் தண்ணீர் கலந்தால் காட்டிக்கொடுக்கும் பால்மானி வாங்கிய முதல் நாளே, சங்கத்துக்கு அடுத்த வீட்டுப் பூமாயியின் பாலில் அது குறைவாகக் காட்டியது.

"தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்டு, மற்ற வீட்டாரெல்லாம் பார்க்கத் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் மாட்டையே ஓட்டி வந்து என் எதிரில் கறந்தாள். "இப்பவும் தண்ணின்னு சொல்லுவீகளா?"

பால்மானி அப்போதும் குறைவாகவே காட்டியது. பால் ஆறியதும் சரியாகக் காட்டியது. அடுத்த வீட்டுப் பால் சூடு ஆறாமலே வந்துவிடும்; அதை அப்படியே அளந்தது என் தவறு. மன்னிப்புக் கேட்டேன்.

"வியாபாரின்னா பேசாமப் போயிருப்பேன் வாத்தியாரய்யா. இது நம்ம சங்கமாச்சே, எப்படி விட்டுட்டுப் போக?" என்றாள்.

அன்றுவரை அதை என் சங்கம் என்றே நினைத்திருந்தேன்.