உள்ளே நிற்கும் வண்டி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் அவரை ‘ரேஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண் வைத்த பெயர். வந்து இறங்குகிறவர்களிடம் சாவியை வாங்கி, காரைச் சரிவில் இறக்கி, தூண்களுக்கு நடுவே நிறுத்துவதும், அவர்கள் திரும்பியதும் மேலே ஏற்றிக் கொடுப்பதும் அவர் வேலை. சந்தைக்கு வந்த எல்லாக் காரையும் ஓட்டியிருக்கிறார். எதிலும் முதல் கியரைத் தாண்டியதில்லை. அதனால்தான் ரேஸ்.

அந்த வேலைக்குச் சில விதிகள் உண்டு. வாடிக்கையாளரின் இருக்கையை முன்பின் நகர்த்தக்கூடாது. கண்ணாடியைத் திருப்பக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்தக்கூடாது. ரேஸ் உயரமானவர். குள்ளமானவர்கள் ஓட்டிவந்த கார்களில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, தலையைச் சாய்த்துக்கொண்டு, பிடிக்காத பாட்டைக் கேட்டுக்கொண்டே இறக்குவார். பெரிய எஞ்சின் கார்கள் வரும்போதுதான் மனசு கனக்கும். மல்யுத்தக்காரனைக் கூப்பிட்டுக் கீழே விழுந்த குண்டூசியைப் பொறுக்கச் சொன்ன மாதிரி, அந்த எஞ்சின் உறுமலை அடக்கிக்கொண்டு தூணைச் சுற்றிவரும்.

கார் வைத்திருப்பவர்களைப் பற்றி அவருக்குச் சில முடிவுகள் இருந்தன. காரை நேசிப்பவன் யார் என்பதை வெளியே துடைத்த பளபளப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. கதவைத் திறந்தால் கீழே கால்படும் விளிம்பு இருக்கிறதே, அங்கே மண் இல்லாமல் இருந்தால் அவன் நேசிப்பவன். கிளட்ச் மேலே வந்து பிடித்தால் ஓட்டுபவன் காலை எடுக்காமல் அதன்மேலேயே வைத்திருப்பவன். வீட்டிலும் எதையும் முழுசாக விடமாட்டான். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல நேரமும் கிடையாது. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பது அடித்தளத்துக்கென்றே சொன்ன மாதிரி.

கூட்டமான நேரங்களில், வரிசையில் நிற்கும் கார்களுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை நிற்கும். குறுக்கே நிற்பதைக் கியரில் விடக்கூடாது, ஹேண்ட்பிரேக்கும் போடக்கூடாது. உள்ளே நிற்கும் காருக்கு ஆள் வந்துவிட்டால் குறுக்கே நிற்பதை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி வழிவிடலாம். இதற்கு ‘ஃப்ரீயா விடுறது’ என்று பெயர். கதவைச் சாத்தும்போதே ‘ஃப்ரீ’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒருவன் சொல்லாமல் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுச் சாவியோடு டீ குடிக்கப் போனால், அன்றைக்கு அவனுக்குக் கிடைக்கும் வசவில் டீ ஆறிவிடும்.

ரேசுக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது. சின்ன பெட்ரோல் கார், வயதானது, இரண்டாம் கை. வாங்கிய அன்று இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளினார். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. நாள் முழுவதும் அடுத்தவர் அளவில் மடங்கிக் கிடந்த உடம்புக்கு நீட்டி உட்கார அது ஒன்றுதான் இடம். விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலையில் பாலம் வரை போவார். மூன்று, நான்கு, ஐந்து என்று கியர் ஒவ்வொன்றாக மாறும்போது எஞ்சினின் குரல் இறங்கி இறங்கி, ஐந்தாவதில் மூச்சு சீரான ஆள் மாதிரி ஆகிவிடும். பாலத்தில் திரும்பி வந்துவிடுவார். எங்கே போனீர்கள் என்று மனைவி கேட்டால் சும்மா என்பார். பெட்ரோல் ஊற்றிக்கொண்டு சும்மா போகிற ஆளை இவரைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை என்பது அவள் புகார். ஆனாலும் வண்டி துடைப்பதற்கென்று தன் பழைய பருத்திப் புடவைகளை எடுத்து வைப்பவளும் அவள்தான்.

வீடு அப்பா விட்டுப்போனது. கீழே இவர், மாடியில் அண்ணன். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கார் மட்டும் நுழையும் சந்து. இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். உள்பக்கம் மாடிப்படியின் நிழல் விழும். இவர் கார் வாங்கிய அன்று அண்ணன் வந்து பார்த்து, தோளில் தட்டி, “பழைய வண்டி, வெயில் தாங்காது. நீ உள்ள விட்டுக்கோ. நான் வெளிய விட்டுக்கறேன்” என்றார். பெருந்தன்மையாகச் சொன்னதுதான். அப்போது அண்ணனிடம் இருந்ததும் கியர் வண்டி. இரவில் அதை ஃப்ரீயாக விட்டு, டயருக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார். ரேஸ் காலையில் செங்கல்லை எடுத்துவிட்டு, அண்ணன் வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, தன் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

போன வருஷம் அண்ணன் புதிய கார் வாங்கினார். ஆட்டோமேட்டிக். எஞ்சினை அணைத்ததும் தானே பூட்டிக்கொள்கிற வகை. அதைத் தள்ள முடியாது, யானை வந்து தள்ளினாலும் நகராது. எடுக்க வேண்டுமென்றால் சாவி வேண்டும். சாவி மாடியில், அண்ணி தலைமாட்டில்.

அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. முதல் தடவை விடியற்காலை கதவைத் தட்டியபோது தூக்கக் கலக்கத்தோடு வந்து சாவியைக் கொடுத்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையா தம்பி?” என்று பதறிப்போய்க் கேட்டார். இல்லை என்றார். “அப்போ எங்க இவ்வளவு சீக்கிரம்?” எண்ணெய் மாற்ற என்று ஏதோ ஒரு பொய் சொன்னார். அடுத்த தடவை டயருக்குக் காற்று. அதற்கடுத்த தடவை சொல்வதற்குப் பொய் கிடைக்கவில்லை. சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்பதற்காக அடுத்தவர் தூக்கத்தைக் கலைக்கலாமா? கேட்பதை விட்டுவிட்டார்.

கார் உள்ளேயே நின்றது. நின்றே கிடந்தால் பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிச் சப்பையாகும். அதனால் தினமும் காலையில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம் நகர்த்துவார். முன்னால் சுவர், பின்னால் அண்ணன் கார், இருபுறமும் கதவு பாதிதான் திறக்கும். மனைவி ஜன்னல் வழியே காப்பியை நீட்டுவாள். ஓடாத காரைக் கட்டில் என்றுதான் சொல்வாள். “கட்டில் எவ்வளவு தூரம் போச்சு இன்னைக்கு?” என்று கேட்பாள்.

அப்போதுதான் காரின் பதிவைப் புதுப்பிக்கும் வருஷம் வந்தது. இந்த வயதுக் காரைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஓடத் தகுதி உண்டு என்று ஆய்வாளர் சொன்னால்தான் தெருவில் ஓட்டலாம். தவறினால் பழைய இரும்புதான். அலுவலகத்தில் முதலில் கொடுத்த நாளில் அண்ணன் ரயிலில் வெளியூர் போயிருந்தார். சாவி அவர் சட்டைப்பையில். மாற்றுச் சாவி எங்கே வைத்தோம் என்று அண்ணி வீடு முழுவதும் தேடிப் பார்த்துவிட்டுக் கண்கலங்கி நின்றார். பிறகு ஆறுதல் சொன்னது இவர்தான். ஊரிலிருந்து திரும்பியதும் அண்ணன் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, ஓட்டாத வண்டிக்கு எதற்குப் புதுப்பிப்பு, விற்றுவிடேன், வேண்டும் என்கிறபோது என் வண்டியை எடுத்துக்கோ என்றார். அண்ணன் வண்டி ரேசுக்குத் தெரியும். அதே மாதிரி வண்டிகளை அடித்தளத்தில் தினமும் இறக்குகிறார். மறுத்துச் சொல்லத் தெரியாமல் தலையாட்டினார். ஆனால் அலுவலகத்தில் இரண்டாவதாகக் கொடுத்த நாளுக்குச் சாவியை முந்தின சாயங்காலமே வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று காலை ரேஸ் அண்ணனின் காரைத் தெருவோரம் நிறுத்தி, சாவியை மாடியில் கொடுத்துவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அலுவலகம் புறவழிச் சாலையைத் தாண்டி. நான்காவது கியர் போட்டபோது அவர் தோள் இறங்கியதை மனைவி பார்த்தாள். அவள் அன்று ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. ஜன்னலை மட்டும் முழுசாக இறக்கிவிட்டாள்.

அலுவலகத்து மைதானம் பரந்து, கொட்டகையிலிருந்து வேலிப்பக்கம் லேசாகச் சரிந்து கிடந்தது. அவ்வளவு காலி இடத்தில் ரேஸ் தன் காரை ஒரு லாரிக்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளி விட்டு, கோடு பிடித்த மாதிரி நிறுத்தினார். மனைவி சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனாள். கொட்டகையிலிருந்து ஆய்வாளர் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். ரேஸ் இறங்கி, கதவைச் சாத்தி, யாரும் இல்லாத அந்த இடத்தில் ‘ஃப்ரீ’ என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் கார் சரிவில் பின்வாங்கிப் போய், வேலியோரக் கல்தூணில் முட்டி நின்றது. சத்தம் பெரிதாக இல்லை. பின்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. மனைவி கையில் சொம்போடு ஓடிவந்தாள். “நீங்கதான் உள்ள உக்காந்து ரிவர்ஸ் எடுக்கறீங்கன்னு பார்த்துக்கிட்டு நின்னேன்” என்றாள். “அவ்வளவு மெதுவா, அவ்வளவு நேராப் போச்சு.”

ஆய்வாளர் வந்து சுற்றிப் பார்த்தார். உள்ளே தலையை விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தார்.

“பிடிக்குதே. போடலையா?”

“போடல சார்.”

“கியர்ல விட்டீங்களா?”

“இல்ல சார்.”

“என்ன வேலை பாக்கறீங்க?”

“ஆஸ்பத்திரியில சார். கார் நிறுத்தற வேலை.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. “நல்லா நிறுத்தறீங்க” என்று மட்டும் சொன்னார். எஞ்சின், பிரேக், புகை எல்லாம் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விளக்கு இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது. விளக்கை மாற்றிக்கொண்டு அடுத்த வாரம் வரவேண்டும். அன்றும் வராவிட்டால் அதற்குமேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ரேசுக்கு அதே கணக்குதான். அடுத்த வாரம் என்றால் மறுபடி சாவி. மறுபடி மாடி. அண்ணன் அன்று ஊரில் இருப்பாரா என்று தெரியாது.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள் மனைவி. “அவங்க வண்டி தள்ள வராது. நம்ம வண்டி தள்ள வரும். தள்ள வர்றதத்தானே வெளிய விடணும்?”

ரேஸ் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்தளத்தில் எந்தக் காரை எங்கே நிறுத்தினால் எது வெளியே வரும் என்று நாளெல்லாம் கணக்குப் போடுகிற ஆள். தள்ள முடியாததைச் சுவரோரம் நிறுத்து, தள்ள முடிவதைக் குறுக்கே விடு என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். தன் வீட்டுச் சந்தில் அது தோன்றவே இல்லை.

“அது அண்ணன் குடுத்த இடம்” என்றார்.

“குடுத்த இடந்தான். இப்ப அவங்க வண்டி புதுசு, தெருவுக்குத் தெரியணும். நம்மது உள்ள இருந்தா நிழலும் ஆச்சு, மறைவும் ஆச்சு.”

“அப்படியெல்லாம் நினைக்கற ஆள் இல்ல அவர்.”

“நினைக்க மாட்டார். அதனாலதான் நீங்க கேக்கணும்.”

வீட்டுக்கு வந்தபோது சந்தின் உள்ளே அண்ணன் கார் நின்றது. தெருவோர வெயிலில் காயவிட மனமில்லாமல், காலியாக இருந்த நிழலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வெளியிடம் திறந்து கிடந்தது. ரேஸ் எஞ்சினை அணைக்காமல் வாசலில் நின்றார். மாடியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இரு, இரு. வந்து எடுத்துத் தர்றேன். நீ உள்ள விட்டுக்கோ.”

படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கீழே வந்துவிட்டால் இவர் கார் மறுபடி உள்ளே போய்விடும். பிறகு இந்தப் பேச்சே எழாது. மனைவி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ரேஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “வேணாம்ணே. இனிமே நான் வெளிய விட்டுக்கறேன்” என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

செருப்புச் சத்தம் நின்றது. “உன் வண்டி வெயில்ல நிக்குமேடா.”

“நிக்கட்டும்ணே.”

அண்ணன் கடைசிப் படியில் நின்று யோசித்தார். கோபம் இல்லை, குழப்பம்தான். “எனக்கு முதுகு இருக்கற இருப்புல உன் வண்டியத் தள்ள முடியாதே. நான் கிளம்பணும்னா என்ன பண்றது?”

“ஒரு குரல் குடுங்க. வந்து எடுத்துத் தர்றேன்.”

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் விளக்கு மாற்றி, யாரையும் கேட்காமல் சந்திலிருந்து நேரே எடுத்துக்கொண்டு போனார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். விடியற்காலைப் பாலமும் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அண்ணன் ஓய்வுபெற்றவர், முதுகுக்காக அந்த வாரம்தான் அதிகாலையில் நடைப்பயிற்சிக்கு ஏரிக்கரைக்குக் காரில் போக ஆரம்பித்திருந்தார். சரியாக அந்த நேரத்துக்கு மாடியிலிருந்து குரல் வரும். ரேஸ் வாயில் பிரஷ்ஷோடு போய், தெருவைப் பார்க்க நிறுத்தியிருக்கும் தன் காரை முதல் கியரில் வெளியே எடுத்துவிடுவார். அண்ணன் போவார். திரும்பி வரும்போது ஹாரன் அடிப்பார். மறுபடி எடுக்க வேண்டும். விடுமுறை நாளில் மருந்துக்கடை, வங்கி, யார் வீட்டுக்காவது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் நன்றி சொல்வார். இங்கே டோக்கன் மட்டும்தான் குறைச்சல் என்பாள் மனைவி.

ஆனால் அண்ணன் போனபின் சந்து காலியாக இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும். ஒருநாள் ரேஸ் உடனே உள்ளே விடவில்லை. செருப்பில்லாத காலோடு, வீட்டு உடையிலேயே கிளம்பினார். இப்போது அது வழக்கமாகிவிட்டது. வெகுதூரம் போக முடியாது. சந்து திறந்தே கிடந்தாலும், அண்ணன் ஹாரன் அடிக்கும்போது ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி. தெருமுனையில் நிறுத்தி, அண்ணன் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்ப்பார். அவர் இடப்பக்கம் போனால் இவர் வலப்பக்கம். அந்தச் சாலையில் மூன்றாவது கியர் விழுகிற அளவுக்கு நீளம் இருக்கிறது. நான்காவதுக்குக் கையைக் கொண்டுபோகும்போது பள்ளிக்கூடத்துச் சுவர் வந்துவிடுகிறது.