தம்பிக்கு ஒன்றும் இல்லை என்றேன்

என் தம்பியின் நோயை டாக்டரிடம் மறைத்தேன். அவன் அருகில் நிற்கும்போதே, அவனுக்குப் பதிலாக நான் பேசி மறைத்தேன்.

என்னை நீங்கள் படித்திருக்கலாம். சிட்லபாக்கம் ஏரி எந்த மழையில் வழிந்தது, எங்கள் தெருவுக்கு விளக்கு எந்த மாதம் வந்தது என்று குடியிருப்போர் சங்க மலரில் எழுதுகிறவன். ஒரு தேதி பிசகினாலும் அச்சகத்தோடு சண்டைக்குப் போகிறவன். உண்மையின் காவலன்! தூ...

ரவிக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். தெரியவந்தபோதே அவன் எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்திருந்தது. மாத்திரை அதை மெல்ல மீட்டுக்கொண்டிருந்தது. மறைமலை நகரில் ஷிப்ட் வேலைக்கும் போய்வந்தான். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கணுக்காலில் நாவல்பழ நிறத்தில் ஒரு தடிப்பைக் காட்டினான். வலி இல்லை. அரிப்பும் இல்லை.

எங்கள் பகுதி கிளினிக்கில் எல்லா விசாரணையும் வாசல் மேசையிலேயே, ஊர் காதுபட நடக்கும்.

"சுகர் கீதா? பிரஷர் கீதா? வேற இன்னா கீது?" என்று மேசையிலிருந்த அம்மா உரக்கக் கேட்டார்.

ரவி வாயைத் திறந்தான். பின் பெஞ்சில் சங்கச் செயலாளர்...

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கான்," என்றேன்.

உள்ளே டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? ரவியும் சொல்லத்தான் போனான். நான் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். டாக்டர் ஏதோ ஒவ்வாமை என்று எண்ணி ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். குறையவில்லை என்றதும் கூட்டி எழுதினார். பொங்கலுக்குள் தடிப்புகள் தொடைவரை ஏறின. வாய்க்குள், அண்ணத்திலும் ஒன்று.

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். ரவியே எல்லாவற்றையும் சொன்னான்.

"கபோசி சார்கோமா. புற்றுநோய்," என்றார் அந்த டாக்டரம்மா.

"எச்.ஐ.வி.யாலயா?" என்றேன்.

"நேரா அதனால இல்ல சார். இதுக்குக் காரணம் வேற ஒரு வைரஸ், ஹெர்பிஸ் குடும்பத்தது. பல பேர் உடம்புல சும்மா கிடக்கும். எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா தலைதூக்கும். இதுல, இருக்கிற சக்தியையும் அடக்குற ஸ்டீராய்டு வேறயா? எரு போட்டு வளர்த்திருக்கீங்க! முன்னாடியே ஏன் சொல்லல?"

ரவி சிரித்தான். "எங்கண்ணன் நிறைய படிச்சவரு டாக்டர். இத மட்டும் படிக்காம விட்டுட்டாரு."

யார்மேல் கோபப்படுவேன்? ஊர் கேட்க நோயை விசாரிக்கும் அந்த மேசைமேல் கோபம் வருகிறது! காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கும் பெஞ்சுமேல் வருகிறது! ஆனால் உள்ளறையின் கதவு சாத்தியிருந்ததே... அங்கே எந்தச் செயலாளர் இருந்தார்? என் மானம் மட்டும்தான் இருந்தது. அதற்கு என் தம்பியின் உடம்பைத் தின்னக் கொடுத்தேன்.

இப்போது கீமோ நடக்கிறது. பிழைப்பானா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வீட்டு வாசலில் செயலாளர் மறித்தார்.

"தம்பி என்ன சார், இப்படி இளைச்சுட்டாரு?"

ரவி வாயைத் திறந்தான்.

"அலர்ஜி சார்," என்றேன்.

என் கை அதற்குள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தது. இம்முறை அழுத்துவதற்குச் சதை இல்லை.